கதிரியக்க அயனிக் கற்றை: கொதிக்கும் இலக்கா, பறப்பில் பிரிப்பதா?

கதிரியக்க அயனிக் கற்றை தரும் ஓர் ஆய்வுக்கூடத்தைப் பற்றி எங்கே படித்தாலும் முதலில் கண்ணில் படுவது ஓர் எண்தான்: நொடிக்கு இத்தனை அயனிகள். எண் பெரிதானால் கூடமும் பெரிது என்று முடிவுகட்டிவிடுகிறோம். குறைந்த ஆற்றல் அணுக்கரு இயற்பியலில் இவ்வளவு எளிதாக வழிதவறச் செய்யும் எண் வேறில்லை. அணுக்கரு உருவான இடத்தில் எத்தனை என்பது ஒரு கணக்கு. பரிசோதனை இலக்கின் மீது, வேண்டிய ஆற்றலில், வேண்டாத துணைகள் இல்லாமல், சிதைவதற்குள் வந்து சேர்வது எத்தனை என்பது முற்றிலும் வேறு கணக்கு.

குறைந்த ஆற்றல் என்று இங்கே சொல்வது நியூக்ளியான் (அணுக்கருவிலுள்ள புரோட்டான் அல்லது நியூட்ரான்) ஒன்றுக்குச் சுமார் 0.2 முதல் 10 எம்இவி, அதாவது மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், வரையிலான பகுதியை. விண்மீன்களில் நிகழும் நோவா வெடிப்புகளிலும் எக்ஸ்-கதிர் வெடிப்புகளிலும் நடக்கும் வினைகள் இதன் கீழ்ப்பகுதியில் வருகின்றன. இரு அணுக்கருக்கள் மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கும் கூலூம் தடையை ஒட்டிய சிதறல், இணைவு, ஒற்றை நியூட்ரானைக் கைமாற்றும் வினைகள் ஆகியவை மேல்பகுதியில். சில நொடிகளில் சிதைந்துபோகும் அணுக்கருவை இலக்காகச் செய்து வைக்க முடியாது. எனவே அதைக் கற்றையாக்கி, ஹைட்ரஜன், டியூட்டீரியம், ஹீலியம் போன்ற நிலையான இலக்கின் மீது பாய்ச்சுகிறார்கள். அந்தக் கற்றையை எப்படிப் பெறுவது என்பதில்தான் போட்டி.

முதல் வழி, ஐசால்; பிறந்த ஐசோடோப்புகளை உடனுக்குடன் பிரித்தெடுக்கும் முறையின் ஆங்கிலச் சுருக்கம் அது. தடித்த இலக்கின் மீது புரோட்டான்களைப் பாய்ச்சி, உள்ளேயே அணுக்கருக்களைப் பிறப்பித்து, அவை அங்கேயே நின்றுபோக விடுவார்கள். பிறகு இலக்கைச் சுமார் 2000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அணுக்கள் மெல்ல வெளியே கசிந்து வரும். அவற்றை அயனியாக்கி, 30 முதல் 60 கிலோவோல்ட் மின்னழுத்தத்தில் இழுத்து, காந்தத்தால் நிறைவாரியாகப் பிரித்து, தேவையானால் மீண்டும் முடுக்குவார்கள். 1951-இல் கோபன்ஹேகனில் கோஃபோட்-ஹான்சன், நீல்சன் இருவரும் இதை முதலில் செய்துகாட்டினார்கள். அவர்களுடைய இலக்கு யுரேனியம் ஆக்சைடும், மாவை உப்பவைக்கும் அம்மோனியம் கார்பனேட் பொடியும் சேர்ந்த கலவை. பிறந்த கிரிப்டான் வாயுவை வெளியே தள்ளிவர அந்தப் பொடி உதவியது. இத்துறையின் நேர்த்தியான சூழ்ச்சிகள் பெரும்பாலும் இப்படிச் சமையலறை வேதியியலாகவே இருக்கின்றன.

இரண்டாவது வழியில் இலக்கு மெல்லியது. பாய்வது கன அயனி. பிறக்கும் அணுக்கரு நின்றுபோகாமல் முதன்மைக் கற்றையின் வேகத்தோடு முன்னோக்கிப் பறந்துவிடும். பறக்கும் வழியிலேயே காந்தங்கள் அதைப் பிரித்தெடுக்கின்றன. இதிலும் இரண்டு கிளைகள் உண்டு. நியூக்ளியானுக்கு 100 எம்இவிக்கு மேல் கொடுத்து அணுக்கருவை உடைத்துத் துண்டுகளைப் பொறுக்குவது ஒன்று. 1980-களின் நடுவில் பெர்க்லியில் இசாவோ தனிஹாதா குழுவினர் லித்தியம்-11 எதிர்பாராத அளவுக்குப் பருத்திருப்பதைக் கண்டது இவ்வகைக் கற்றையில்தான். மற்றது அடக்கமான கிளை: சிறிய முடுக்கியில் நியூக்ளியானுக்குச் சில எம்இவி ஆற்றலிலேயே ஒரு நியூட்ரானையோ புரோட்டானையோ மாற்றி, லித்தியம்-7ஐ லித்தியம்-8 ஆக்குவது போன்ற வேலை. இந்த இரண்டாம் கிளைக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை என்பது என் எண்ணம். பின்னால் வருகிறேன்.

கடிகாரமும் வேதியியலும்

ஐசாலின் பலம், பலவீனம் இரண்டும் அந்தச் சூடான இலக்குக்குள்தான் தீர்மானமாகின்றன. பிறந்த அணு முதலில் இலக்குப் பொருளின் துகளுக்குள்ளிருந்து ஊர்ந்து மேற்பரப்புக்கு வர வேண்டும். பிறகு துளைகள் வழியாகவும் குழாய் வழியாகவும் சுவர்களில் பலமுறை மோதி மோதி அயனி மூலத்தை அடைய வேண்டும். ஒவ்வொரு மோதலிலும் அது சுவரோடு ஒட்டிக்கொள்ளலாம். சோடியம், பொட்டாசியம், ரூபிடியம் போன்ற கார உலோகங்கள் எளிதில் ஆவியாகி, சூடான உலோகப் பரப்பைத் தொட்டதுமே அயனியாகிவிடும். ஐசாலுக்கென்றே படைக்கப்பட்ட தனிமங்கள் என்று சொல்லத் தோன்றும். சிர்க்கோனியம், மாலிப்டினம், டங்ஸ்டன், ரீனியம் ஆகியவையோ 2000 டிகிரியிலும் அசைந்து கொடுப்பதில்லை. அணுக்கரு நிறையவே பிறந்திருக்கும். ஆனால் இலக்கிலேயே சிதைந்து முடிந்துவிடும்.

இதில் நேரம் எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. வெளியேறும் தாமதம் எல்லா அணுவுக்கும் 100 மில்லிநொடி என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். அரை ஆயுள் 22.5 நொடி கொண்ட சோடியம்-21 இதில் இழப்பது ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே. அரை ஆயுள் 8.75 மில்லிநொடி கொண்ட லித்தியம்-11 சுமார் 2,700-இல் ஒன்றுதான் மிஞ்சும். உண்மையில் தாமதம் ஒரே அளவாக இருப்பதில்லை. முந்திக்கொண்டு வெளியேறும் அணுக்கள் எப்போதும் சில உண்டு. இலக்கை மென்தகடுகளாக அமைத்தால் அந்த முந்திக்கொள்வோர் கூட்டம் பெருகும். டாண்டலம் மென்தகடுகளைக் கொண்டு, ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வுக்கூடத்திலுள்ள ஐசால்டே லித்தியம்-11 கற்றையையே தந்திருக்கிறது. முடியாது என்பதல்ல, ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு தனி ஆராய்ச்சி வேண்டும், அது ஆண்டுக்கணக்கில் நீளலாம்.

பறப்புவழி முறையில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. நியூக்ளியானுக்கு 3 எம்இவி ஆற்றலில் பறக்கும் அயனி ஒரு நானோநொடியில் ஏறக்குறைய 2.4 சென்டிமீட்டர் கடக்கும். ஐந்து மீட்டர் நீளப் பிரிப்பானைத் தாண்ட 200 நானோநொடி போதும். அரை ஆயுள் ஒரு மில்லிநொடி என்றாலும் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. தனிமத்தின் வேதியியல் குணமும் ஒரு பொருட்டல்ல. 1994-இல் ஜெர்மனியின் ஜிஎஸ்ஐ, பிரான்சின் கானில் ஆகிய ஆய்வுக்கூடங்கள் இரட்டை மாய எண் கொண்ட (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் எண்ணிக்கையுமே அணுக்கருவுக்குத் தனி உறுதி தரும்) தகரம்-100ஐக் கண்டறிந்தது துண்டாக்கும் வழியில்தான்.

இதுவரை பார்த்தால் பறப்புவழி எளிதாக வென்றுவிட்டது போலத் தோன்றும். ஆற்றல் என்ற கேள்வி எழும்போதுதான் ஆட்டம் திரும்புகிறது.

எத்தனை அயனி வேண்டும் என்ற கணக்கு

நோவா வெடிப்பில் நடக்கும் ஒரு புரோட்டான் பிடிப்பு வினையை நேரடியாக அளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வினை நடக்கும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் குறுக்குவெட்டு ஒரு மைக்ரோபார்ன் (ஒரு பார்ன் என்பது சதுர சென்டிமீட்டரில் 10-இன் -24ஆம் அடுக்கு), ஹைட்ரஜன் வாயு இலக்கில் சதுர சென்டிமீட்டருக்கு 10-இன் 18ஆம் அடுக்கு அணுக்கள். அப்படியானால் ஒரு லட்சம் கோடி அயனிகள் கடந்தால் ஒரே ஒரு வினை நடக்கும். நொடிக்கு 10 கோடி அயனிகள் கிடைத்தால் நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது நிகழ்வுகள். நொடிக்கு ஒரு லட்சம்தான் கிடைக்கும் என்றால் ஒரு நிகழ்வுக்கு ஏறக்குறைய நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். யாரும் அவ்வளவு கற்றை நேரம் தரமாட்டார்கள்.

அதே ஒரு லட்சம் அயனிகளைச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராம் தங்கத் தகட்டின் மீது விட்டு, ஒரு பார்ன் குறுக்குவெட்டு கொண்ட சிதறலை அளந்தால் நாளொன்றுக்கு 26,000 நிகழ்வுகள். ஒரு வாரத்தில் நல்ல தரவு கையில் இருக்கும். இந்த இரண்டு வரிகளை மனதில் வைத்துக்கொண்டால் "எது சிறந்த முறை" என்ற விவாதத்தில் பாதி தானாகவே அடங்கிவிடும்.

முதல் வகைப் பரிசோதனைக்கு ஐசாலுக்கு நிகரில்லை. செறிவு மட்டும் காரணமல்ல. அயனிகள் ஏறக்குறைய ஓய்வு நிலையிலிருந்து புறப்பட்டு, நிலையான கற்றையைப் போலவே முடுக்கப்படுவதால், ஆற்றல் பரவல் மிகச் சிறியது; கற்றைப் புள்ளி சில மில்லிமீட்டருக்குள் அடங்கும்; ஆற்றலைச் சிறு சிறு படிகளாக மாற்றி ஒரு குறுகிய ஒத்திசைவின் (குறிப்பிட்ட ஆற்றலில் மட்டும் வினை திடீரென வலுக்கும் இடம்) மீது ஊர்ந்து போகலாம். பெல்ஜியத்தின் லூவான்-லா-நவ் 1989-இல் இரண்டு சைக்ளோட்ரான்களை இணைத்து இதற்கு வழி திறந்தது. ஒன்று 30 எம்இவி புரோட்டான்களைக் கார்பன்-13 மீது பாய்ச்சி, 10 நிமிட அரை ஆயுள் கொண்ட நைட்ரஜன்-13ஐ உருவாக்கியது. மற்றது அதை முடுக்கியது. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் வழியாக ஹைட்ரஜனை எரிக்கும் சூடான சிஎன்ஓ சுழற்சியின் திறவுகோலான நைட்ரஜன்-13 புரோட்டானைப் பிடிக்கும் வினை அங்கேதான் முதன்முறையாக நேரடியாக அளக்கப்பட்டது. வான்கூவரின் டிரையம்ஃப் 500 எம்இவி புரோட்டான்களை 100 மைக்ரோஆம்பியர் வரை ஐசால் இலக்குக்குத் தருகிறது. வினையில் பிறந்த அணுக்கருவைக் கற்றையிலிருந்து பிரித்தெடுக்கும் டிராகன் என்ற அங்குள்ள பின்னுதைப்புப் பிரிப்பான், சோடியம்-21 புரோட்டானைப் பிடித்து மெக்னீசியம்-22 ஆகும் வினையை அளந்த முடிவு 2003-இல் வெளியானது. நோவாவில் சோடியம்-22 எவ்வளவு மிஞ்சும் என்ற கேள்விக்கு அது அடித்தளம்.

கவனியுங்கள்: நைட்ரஜன், சோடியம். இரண்டும் இலக்கைவிட்டு எளிதில் வெளியேறும் தனிமங்கள். வெற்றிக் கதைகளின் பட்டியலைப் பார்த்தால் இயற்கை எது முக்கியம் என்றதோடு, எது ஆவியாகும் என்பதும் சேர்ந்தே தேர்வு செய்திருப்பது தெரியும்.

மீள்முடுக்கத்துக்கும் விலை உண்டு. ஒற்றை மின்னேற்றம் கொண்ட அயனியை முடுக்குவது செலவு மிகுந்தது. முதலில் எலக்ட்ரான்களை உரித்து மின்னேற்றத்தைக் கூட்ட வேண்டும். சேர்னில் அயனிகளை ஒரு பொறியில் குவித்து, பிறகு எலக்ட்ரான் கற்றைக்குள் வைத்து உரிக்கிறார்கள். இந்தக் கட்டத்திலேயே பத்தில் ஒன்பது பங்கு தொலைந்துபோவது வழக்கம். அதன் பிறகு ஹைஐசால்டே முடுக்கி நியூக்ளியானுக்குச் சுமார் 10 எம்இவி வரை கொண்டு செல்கிறது.

கலப்படம், இருவருக்கும் வேறு வேறு

ஐசாலின் எதிரி அதே நிறை எண் கொண்ட வேறு தனிமம். நைட்ரஜன்-13, கார்பன்-13 இரண்டின் நிறை வேறுபாடு சுமார் 5,500-இல் ஒரு பங்கு. சாதாரணப் பிரிப்புக் காந்தம் இதைப் பார்க்காது. லூவானில் முடுக்கும் சைக்ளோட்ரானே வடிகட்டியாகவும் வேலை செய்தது. ஐசால்டேயில் லேசர் வருகிறது: விரும்பும் தனிமத்தின் எலக்ட்ரான் மட்டங்களுக்கு மட்டும் பொருந்தும் நிறங்களைச் செலுத்தி அதை மட்டும் அயனியாக்குவார்கள். சூடான சுவரைத் தொட்டே அயனியாகிவிடும் கார உலோகங்கள் அப்போதும் கூடவே வந்து தொல்லை தரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தின் வழி. தகரம்-132 கற்றையில் ஆன்டிமனியும் டெலூரியமும் கலந்து வந்தன. இலக்குக்குள் கந்தகத்தைச் சேர்த்தார்கள். தகரம் கந்தகத்தோடு சேர்ந்து தகர சல்ஃபைடு அயனியாக வெளியே வந்தது. மற்ற இரண்டும் அப்படிச் சேரவில்லை. மூலக்கூறாகவே நிறை பிரித்து, பிறகு அதை உடைத்தால் தூய தகரம். அந்தக் கற்றையில் செய்த நியூட்ரான் மாற்று வினை தகரம்-132 உண்மையிலேயே இரட்டை மாய அணுக்கரு என்பதை 2010-இல் உறுதிசெய்தது. அந்தக் கூடம் 2012-இல் மூடப்பட்டது, வருத்தம்தான்.

பறப்புவழியில் கலப்படம் வேறு விதம். காந்தத்துக்குத் தெரிவது உந்தத்தை மின்னேற்றத்தால் வகுத்த விகிதம் மட்டுமே. லித்தியம்-8ஐக் குவிக்கும் அதே காந்தப்புலத்தில், அதே விகிதம் கொண்ட லித்தியம்-7ம், ஆல்ஃபா துகள்களும் சேர்ந்து குவியும். ஆனால் இங்கே ஒரு பெரிய வசதி: அயனிகள் ஒவ்வொன்றாக வருகின்றன, ஒவ்வொன்றையும் அடையாளம் காணலாம். முதன்மைக் கற்றையை நானோநொடித் துடிப்புகளாக்கினால், எந்த அயனி எப்போது வந்தது என்பதைக் கொண்டே அது யார் என்று சொல்லிவிடலாம். இரண்டு காந்தங்களுக்கு இடையே ஒரு மெல்லிய தகட்டை வைத்தால் ஒவ்வொரு தனிமமும் வேறு வேறு அளவில் ஆற்றலை இழக்கும். இரண்டாவது காந்தம் கலப்படத்தை ஒதுக்கிவிடும். இப்படி அடையாளம் காணும் உத்தி நொடிக்குப் பத்து லட்சம் அயனிகள் வரை நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் போனால் உணர்கருவிகள் திணறும்.

சிறிய கூடங்களின் பக்கம்

இந்த உத்தியை வாழ்க்கைமுறையாகவே கொண்டது அமெரிக்காவின் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் உள்ள ட்வின்சோல். பெரிய சைக்ளோட்ரான் இல்லை. ஒரு டேண்டம் முடுக்கியும், இரண்டு மீகடத்திச் சுருள் காந்தங்களும்தான். ஹீலியம்-6, லித்தியம்-8, போரான்-8 கற்றைகள் அங்கே கிடைத்தன. ஒளிவட்ட அணுக்கருவான ஹீலியம்-6 பிஸ்மத் மீது மோதும்போது, கூலூம் தடைக்குக் கீழேயே ஆல்ஃபா துகள்கள் வியக்கத்தக்க அளவில் வெளிவருவதை 2000-இல் அவர்கள் காட்டினார்கள். தளர்வாகக் கட்டிய இரண்டு வெளி நியூட்ரான்கள் எவ்வளவு எளிதில் கழன்றுவிடுகின்றன என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. பிரேசிலின் சாவோ பாலோவில் ரிப்ராஸ் இதே வடிவில் இயங்குகிறது. ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கிரிப், திரவ நைட்ரஜனால் குளிர்வித்த ஹைட்ரஜன் வாயுவில் லித்தியம்-7ஐப் பாய்ச்சி, நொடிக்கு 10 கோடிக்கும் மேல் பெரிலியம்-7 அயனிகளைத் தந்திருக்கிறது. அதே வினையைப் புது டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையமும் தன் ஹைரா பிரிப்பானில் பயன்படுத்தியது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. நிலையான அணுக்கருவிலிருந்து இரண்டு மூன்று நியூக்ளியான் தூரத்துக்கு மேல் இம்முறையால் போக முடியாது. உற்பத்தி வினையே ஆற்றலைச் சிதறடிப்பதால் கற்றையின் ஆற்றல் பரவல் பெரிது. புள்ளியும் சென்டிமீட்டர் கணக்கில் பருமன். குறுகிய ஒத்திசைவை இதனால் தொட முடியாது. ஆனால் கருவிகள் மாறிவிட்டன. வாயுவே இலக்காகவும் உணர்கருவியாகவும் இருக்கும் செயல்நிலை இலக்கு அறைகளில் ஒவ்வோர் அயனியின் தடமும் பதிவாகிறது. வினை எந்தப் புள்ளியில், எந்த ஆற்றலில் நடந்தது என்பது தடத்திலிருந்தே தெரிகிறது. பரவலான கற்றை என்ற குறை இங்கே பாதியாகிறது. ஒரே ஆற்றலில் நுழைந்த கற்றை வாயுவில் வேகம் குறைந்துகொண்டே போவதால், ஒரு முழு ஆற்றல் வரம்பையும் ஒரே ஓட்டத்தில் அளந்துவிடலாம். நொடிக்குச் சில ஆயிரம் அயனிகளே இருந்தாலும் போதும் என்ற நிலை வந்திருக்கிறது.

இன்னொன்று, பேசப்படாத செலவு. ஐசால் இலக்கு சில வாரங்களில் சோர்ந்துபோகும். கடும் கதிரியக்கம் கொண்ட அதை ரோபோதான் கழற்றி மாட்ட வேண்டும். சிறிய பறப்புவழிக் கூடத்தில் கற்றையை மாற்றுவது பெரும்பாலும் வாயுவை மாற்றி, காந்த மின்னோட்டத்தைத் திருத்துவதோடு முடியும். ஆராய்ச்சி மாணவர் தன் கையாலேயே கற்றையை உருவாக்கிப் பார்க்க முடிகிற இடம் அது.

நிறுத்தி மீண்டும் ஓட்டுவது

இரண்டு உலகின் நன்மையையும் பெற ஒரு மூன்றாம் வழி உண்டு. வேகமாகத் துண்டாக்கி, எந்தத் தனிமமானாலும் பிரித்தெடுத்து, ஹீலியம் வாயுவில் நிறுத்தி, மீண்டும் மெதுவாக முடுக்குவது. பின்லாந்தின் யூவாஸ்கிலாவில் 1980-களில் வளர்ந்த இக்இசால் முறை இதன் மூத்த உறவு. அங்கே மெல்லிய இலக்கிலிருந்து பின்னுதைத்து வெளிவரும் அணுக்கருக்களை ஹீலியம் சில பத்து மில்லிநொடிகளில் அள்ளிக்கொண்டு போகிறது. ஐசாலில் அசையாத மாலிப்டினமும் சிர்க்கோனியமும் அங்கே சாதாரணமாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவின் எஃப்ரிப் 2022-இல் திறக்கப்பட்டது; 400 கிலோவாட் முதன்மைக் கற்றைக்காக வடிவமைக்கப்பட்ட அது, வாயுவில் நிறுத்தி மீள்முடுக்கும் அமைப்பையும் கொண்டிருக்கிறது.

கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் இழப்புக்கு மேல் இழப்பு. 100 எம்இவி ஆற்றலோடு வாயுவுக்குள் நுழையும் ஓர் அயனி, சுமார் 40 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஒரு ஜோடி வீதம், 20 லட்சத்துக்கும் அதிகமான ஹீலியம் அயனி–எலக்ட்ரான் ஜோடிகளை விட்டுச்செல்லும். நொடிக்குப் பல கோடி அயனிகள் வந்தால் அந்த மின்னேற்ற மேகமே புலத்தைக் குலைத்து, பிடிபட்டதை வெளியேறவிடாது. அதாவது முதன்மைக் கற்றை எவ்வளவு பெருகினாலும் வாயு அறை ஓர் உச்சவரம்பு வைக்கிறது. அதைத் தாண்டினால் மின்னேற்றம் கூட்டும் கட்டத்தில் மறுபடி இழப்பு. மிக அரிய அணுக்கருவுக்கு இதைத் தவிர வேறு கதி இல்லை. ஐசாலில் எளிதாகக் கிடைக்கும் சோடியத்துக்கு இந்த வழியில் போவதில் பொருளில்லை.

அணுக்கருவை அங்கேயே முடுக்கியால் உருவாக்காமலே கற்றை பெறும் வழிகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுக்கூடத்தில் இருந்த கரிபு, தானாகவே பிளவுறும் கலிஃபோர்னியம்-252ஐ மூலமாக வைத்து, பிளவுத் துண்டுகளை ஹீலியத்தில் பிடித்தது. 53 நாள் அரை ஆயுள் கொண்ட பெரிலியம்-7ஐயும், சுமார் 60 ஆண்டு கொண்ட டைட்டானியம்-44ஐயும் எங்கோ தயாரித்து, வேதியியலால் பிரித்து, பெட்டியில் அடைத்து எடுத்துப்போய் சாதாரண அயனி மூலத்தில் வைக்கலாம். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் கழகத்தில் கதிர்வீச்சுக்கு உள்ளான கழிவுப் பாகங்களிலிருந்து பிரித்த டைட்டானியம்-44ஐச் சேர்னில் முடுக்கி, சூப்பர்நோவா வினை ஒன்றை ஆராய்ந்திருக்கிறார்கள். நீண்ட ஆயுள் என்றால் இதைவிட மலிவான வழி கிடையாது.

இவை எல்லாமே தடுமாறும் ஒரு வழக்கு, பாஸ்பரஸ்-30. நோவாவில் கந்தகத்துக்கு அப்பால் கனமான தனிமங்கள் உருவாகின்றனவா என்பதை அது புரோட்டானைப் பிடிக்கும் வேகம்தான் தீர்மானிக்கிறது. அரை ஆயுள் இரண்டரை நிமிடம். ஐசாலுக்குத் தாராளமான நேரம். ஆனால் பாஸ்பரஸ் சூடான சுவர்களோடு ஒட்டிக்கொண்டு வெளியேற மறுக்கிறது. பெட்டியில் அடைத்து எடுத்துப்போக இரண்டரை நிமிடம் போதாது. பறப்புவழியில் கற்றை கிடைக்கிறது, நேரடிப் பிடிப்பை அளக்கும் செறிவில் அல்ல. எனவே இப்போதைக்கு டியூட்டீரிய இலக்கில் மாற்று வினைகளைச் செய்து, கந்தகம்-31இன் மட்டங்களை மறைமுகமாகத் தேடுகிறார்கள். நேரடி அளவீட்டை முதலில் எட்டப்போவது எது என்று கேட்டால், பெரிய முடுக்கியைவிட, தகரத்துக்குக் கந்தகத்தைக் கண்டுபிடித்ததுபோல் பாஸ்பரஸுக்கும் ஒரு மூலக்கூறைக் கண்டுபிடிக்கும் வேதியியலர் மீதுதான் பந்தயம் கட்டுவேன்.